எழுபதுக்கு மேலே நின்ற கோடு

அக்காவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியதற்கு அத்தான் சொன்ன காரணம், அவர் நாற்காலிக்குப் பின்னால் அவள் வந்து நின்றாலே பங்கு மார்க்கெட் அவருக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது என்பதுதான். ஒரே ஒரு பெட்டியோடு வந்தாள். ஏழு மாதம் ஆகிறது. இப்போதும் அம்மா டிவி பார்க்கும்போது அவள் சுவரை ஒட்டித்தான் நிற்பாள், யாருக்கும் பின்னால் போகமாட்டாள்.

நான் பங்குத் தரகு அலுவலகத்தில் டீலர். போனில் வரும் ஆர்டரைக் கணினியில் போடுவது வேலை. அத்தானின் வாய்க்குப் பயந்து மற்ற டீலர்கள் ஒதுங்கிக்கொள்ள, அவர் கணக்கு என் மேசைக்கு வந்தது. நான் ஒதுங்கவில்லை. காத்திருந்தேன்.

அத்தானுக்கு ஆர்எஸ்ஐதான் வேதம். விலை எந்த வேகத்தில் ஏறுகிறது, இறங்குகிறது என்பதைப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் காட்டும் கோடு அது. எழுபதைத் தாண்டினால் அளவுக்கு மீறி வாங்கிவிட்டார்கள், இனி இறங்கும் என்று, கையில் இல்லாத பங்கைப் பியூச்சரில் முன்கூட்டியே விற்றுவைப்பார்; இறங்கியதும் குறைந்த விலைக்கு வாங்கி முடிப்பார், இடையில் நிற்பது லாபம். மேலும் கீழுமாக அலையும் சந்தையில் அது பலித்தது. பலமாக ஏறும் பங்கில் அந்தக் கோடு எழுபதுக்கு மேலேயே குடித்தனம் நடத்தும். அது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

ஒரு சிமெண்ட் பங்கு விடாமல் ஏறத் தொடங்கியது. மூன்றாம் நாள் கோடு எழுபத்திரண்டு. அத்தான் விற்கச் சொல்லி போன் செய்தார். அலுவலக போனில் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகும். அதனால் நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"அத்தான், ட்ரெண்ட் பலமா இருக்கு. கோடு இப்போதைக்கு இறங்காது. விக்க வேண்டாம்."

வேண்டாமென்றால் அவர் இரண்டு மடங்காகப் போடுவார். அக்காவிடம் பன்னிரண்டு வருஷமாகச் செய்தது அதைத்தான்.

சிரித்தார். "உங்கக்கா வாய் அப்படியே உனக்கும். அந்தத் தரித்திரம் வீட்டை விட்டுப் போனப்புறம்தான் எனக்கு மூச்சே வருது. ரெண்டு மடங்கா போடு."

ஆர்டரைத் திருப்பிச் சொல்லி உறுதி கேட்டேன். சரி என்றார்.

எழுபத்தெட்டு, எண்பத்தொன்று, எண்பத்துநான்கு. ஒவ்வொரு ஏற்றத்திலும் இன்னும் விற்றார். ஒவ்வொரு முறையும் நான் வேண்டாம் என்றேன், தேன் ஒழுக. பதினோராம் நாள் தாக்குப்பிடிக்க முடியாமல் அத்தனையையும் உச்ச விலையில், பெரும் நஷ்டத்தில் வாங்கி முடித்தார்.

மறுநாள் நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். மச்சினிச்சி வன்மம் வைத்து ஆர்டரை இரட்டித்துவிட்டாள் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். உள்ளே போனபோது கதவை நான் சாத்தவில்லை. வெளியே மற்ற டீலர்களின் கீபோர்டுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

மேனேஜர் பதிவைப் போட்டார். முதலில் என் குரல். பிறகு அத்தானின் சிரிப்பு. 'தரித்திரம்' என்ற சொல் ஸ்பீக்கரில் அறை முழுவதும் கேட்டது. பெண்டாட்டியைப் பேசிய பேச்சை அந்நியர் நடுவில் கேட்டதும் அத்தானின் காது மடல் சிவந்தது.

"போதும் சார்," என்றார். "புகாரைத் திருப்பி வாங்கிக்கிறேன்."

மேனேஜரின் கை நிறுத்தப் போனது.

"இன்னும் எட்டு போன் இருக்கு சார்," என்றேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன். "எல்லாத்தையும் கேட்டுட்டு வாங்கிக்குங்க அத்தான்."