இராசாத்தி குடித்த கஞ்சி

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சட்டம். வெள்ளைக்காரத் துரை போட்ட சட்டத்தை மீறியிருக்கிறோம், ஜப்பான்காரன் போட்டதையும் மறைவாக மீறியிருக்கிறோம். இதை மட்டும் யாரும் மீறினதில்லை. உள்ளே போகிற தண்ணீர்தானே கீழே போகிறது, அதை நிறுத்தினால் இது நின்றுவிடும் என்பது நினைப்பு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

என் மகள் இராசாத்திக்கு அப்போது ஒன்றரை வயது. மலாயாவில் சிடாம் கிரி பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொல்லியிருந்தான் ஜப்பான்காரன். அவள் அப்பா பக்கிரிசாமியைச் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிப்போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கிழங்கையே தின்று தின்று என் மாரில் பாலும் வற்றிப்போயிற்று. தோட்டத்து ஆசுபத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரஸரும் இல்லை, மருந்தும் இல்லை. அங்கே கிழங்கு மூட்டைகள்தான் படுத்திருந்தன.

முதல் நாளே பத்துத் தடவைக்கு மேல் போனாள். வாந்தியும் சேர்ந்துகொண்டது. வசம்பைச் சுட்டுத் தொப்புளைச் சுற்றிப் பூசினேன். கோயில் பூசாரி மந்திரித்துத் திருநீறு போட்டார். பக்கத்து வீட்டுச் சிகப்பியக்கா வந்து பார்த்தாள்.

"தண்ணி மட்டும் காட்டிராத செல்லாயி. துணிய நனைச்சு ஒதட்டுல தொட்டு வை, அது போதும்லா," என்றாள்.

சிகப்பியக்கா சொன்னால் எனக்கு வேதவாக்கு. இரண்டு மாதம் முன்னால் இதே ஓட்டத்தில் மூன்று வயது மகனைப் பறிகொடுத்தவள். பட்டவளுக்குத்தானே தெரியும் என்று நினைத்தேன். அந்தப் பிள்ளை பிழைக்கவில்லையே என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எனக்கு வாய் நீளம், புத்தி குட்டை.

இராசாத்திக்கு நாலைந்து சொல்தான் வரும். அதில் ஒன்று 'தண்ணி'. இரண்டாம் நாள் முழுக்க அதையே சொன்னாள். பானையைக் காட்டிச் சொன்னாள், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் பானையைத் தூக்கி மறைவாக வைத்தேன். பொறுக்க முடியாமல், "சும்மா கெட சனியனே," என்று திட்டினேன். பெற்றவள் சொல்கிற சொல்லா அது? சொன்னேன்.

மூன்றாம் நாள் விடிந்தபோது அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள். கண்கள் குழிக்குள் போய்விட்டன. வாய் அழுதது, கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளியபடியே நின்றது. முந்தின நாள் மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டு மூத்திரம் இல்லை. இன்று பொழுது சாய்வதற்குள் போய்விடுவாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்பா சயாமிலிருந்து திரும்பி வந்து பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன் என்றே மனசு சுற்றிக்கொண்டிருந்தது.

இருந்தாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பங்கீட்டில் கிடைத்த ஒரு கை அரிசியைக் குழைய வேகவைத்து, கஞ்சியைத் தனியாகச் சட்டியில் வடித்து, கல் உப்புப் போட்டு, எனக்கென்று தரையில் ஆறவைத்தேன். அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு லயத்துக்குப் பின்னால் பைப்படிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பாயில் பிள்ளை இல்லை.

காலையிலிருந்து தலையைத் தூக்க முடியாத பிள்ளை அது. பாய்க்கும் அடுப்படிக்கும் நடுவே என் கணக்குக்கு ஐந்து முழம் இருக்கும். அதை அவள் வயிற்றாலேயே இழுத்துக் கடந்திருந்தாள். இரண்டு கையாலும் சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை உள்ளே விட்டு, மூச்சு முட்ட முட்டக் குடித்துக்கொண்டிருந்தாள்.

பிடுங்கத்தான் ஓடினேன். என் காலடி கேட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூக்கெல்லாம் கஞ்சி. அந்தக் குழிவிழுந்த கண்ணில் என்னைக் கண்ட பயம் இருந்தது. பயந்துகொண்டே மறுபடியும் குனிந்து குடித்தாள்.

நீட்டின கை அப்படியே நின்றது. பேச்சே முழுசாக வராத பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது? பெற்றவள் தடுத்தாள், லயமே தடுத்தது, அது தன் உயிரைத் தேடித் தவழ்ந்து போயிருக்கிறது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்சம் கக்கினாள். மறுபடியும் சட்டிக்கே கை நீட்டினாள். நான் சிரட்டை அகப்பையை எடுத்து, மடியில் போட்டு, மிடறு மிடறாக ஊட்டினேன். ஓட்டம் நிற்கவில்லை. அது போகப்போக நானும் ஊட்டிக்கொண்டே இருந்தேன்.

உச்சிப் பொழுதில் என் மடி சுட்டது. முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, மூத்திரம். அந்த ஈரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கோயிலில்கூட நான் அப்படிக் கும்பிட்டதில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் அழுதாள், கண்ணோரத்தில் நீர் கோத்து நின்றது. என் பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்துச் சிகப்பியக்கா வாசலில் வந்து நின்றாள். அகப்பையைப் பார்த்தாள்.

"தண்ணியா குடுத்த?"

"நான் குடுக்கலக்கா. அவளாத்தான் ஊந்து போயி குடிச்சா. அதுக்கப்பறம்தான் குடுத்தேன்."

அவள் உள்ளே வந்து பிள்ளையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிவிட்டாள். அது மெதுவாகத் தன் இடத்துக்குப் போயிற்று. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம்புள்ளையும் கேட்டுச்சு செல்லாயி," என்றாள். "கடேசி மட்டும் கேட்டுச்சு."

அவள் கை நீட்டினாள். என் பிள்ளையைக் கொடுத்தேன். மடியில் கிடத்திக்கொண்டு அகப்பையையும் வாங்கினாள்.

"குடி சாமி," என்று சொல்லி ஊட்டினாள். "இன்னும் குடி. எவ்வளவு வேணும்னாலும் குடி."

சட்டி காலியானதும் எழுந்து தன் வீட்டுக்குப் போனாள். தன் பங்கு அரிசியைக் கொண்டுவந்து, என் அடுப்பை ஊதிப் பற்றவைத்தாள்.