முப்பத்திரண்டு தூறல்

திருத்துறைப்பூண்டியைத் தாண்டி வேன் வாய்க்கால் மதகருகே நின்றபோது இளவழகனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பருவநிலை மாற்றமும் இயற்கைப் பேரிடரும் பற்றித் தஞ்சாவூரில் நடக்கும் இரண்டு வாரப் பயிற்சிக்குப் பதினோரு நாடுகளிலிருந்து வந்திருக்கும் இருபது இளம் ஆய்வாளர்கள், அவன் ஊர்க் களத்தில் நட்டிருக்கும் மழைமானியைப் பார்க்க இறங்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி முடிவில் இருபதில் ஒருவருக்கு நெதர்லாந்தில் நான்கு வருட ஆராய்ச்சிக்கு இடம். அது தனக்குத்தான் என்பது பேராசிரியர் ஹெண்ட்ரிக் அவனோடு மட்டும் தோளில் கை போட்டுப் பேசுவதிலேயே தெரிந்துபோயிருந்தது.

எல்லாம் அவன் கண்டுபிடித்த தூறல் செய்த வேலை. அந்த வருடம் ஐப்பசியிலேயே வானம் கைவிரித்துவிட்டது. ஆற்றுத் தண்ணீர் கடைமடையை எட்டிப் பார்க்கவில்லை. விதைத்த பயிர் முழங்கால் உயரத்தில் கருக, மாட்டை அவிழ்த்து வயலில் விட்டார்கள். அப்படிப்பட்ட வருடத்தில், இந்த ஓர் ஊரில் மட்டும், மாசி முடிவதற்குள் முப்பத்திரண்டு விடியல்களில் இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் என்று தூறியிருந்தது. அதுவும் ஒரு தாளத்தோடு: மூன்று நாள் வறட்சி, நான்காம் நாள் தூறல். செயற்கைக்கோளின் கண்ணுக்குத் தப்பிய தூறல் என்றுதான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தான். இப்படி ஒன்று அகப்பட்டால் எந்த ஆராய்ச்சியாளனும் அதைச் சந்தேகப்பட மாட்டான், கொண்டாடத்தான் செய்வான்.

தினம் காலை எட்டரைக்கு அதை அளந்து நோட்டில் எழுதி வந்தவள் ராசம்மாள், அவனுடைய அம்மா. நடவுக்கும் களைக்கும் போய் அவனைப் படிக்க வைத்தவள். அறிவொளி வகுப்பில் எண் கற்றவள். விண்ணப்பத்தில் அவளை 'உள்ளூர்ப் பார்வையாளர்' என்று மட்டும் போட்டிருந்தான். முந்தின நாள் போனில் அவளிடம் சொன்னான்: "நான் சொல்ற வரைக்கும் என்னை உம் புள்ளன்னு காட்டிக்காதம்மா. அந்த வெள்ளக்காரரு உன்ன வாயாரப் புகழுவாரு. அப்ப எல்லாரு முன்னாடியும் நான் சொல்றேன், இதுதான் எங்கம்மான்னு." அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. "சரிடா அழகு, வாயத் தொறக்க மாட்டேன்" என்று சிரித்தாள்.

களத்தில் ஊதாச் சேலை கட்டி நின்றிருந்தாள். அவன் பட்டம் வாங்கிய அன்று கட்டிய சேலை. அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, சொன்னது நினைவுக்கு வந்து, எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டாள். நடிப்பு அவளுக்கு நன்றாகவே வந்தது.

அன்றைய பாடம் நோட்டையும் செயற்கைக்கோள் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. காத்தான்குடியிலிருந்து வந்திருந்த சபிஹா நோட்டை வாங்கி வேன் படியில் உட்கார்ந்தாள். இலங்கைப் பெண், இருபது பேரில் அவனுக்கு அடுத்து யாருக்காவது இடம் கிடைக்குமென்றால் அவளுக்குத்தான். கால் மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள், சுற்றுவட்டாரத்தில் எந்த மானியிலும் பதியாத மழை இங்கே மட்டும் நாலு நாளைக்கொருதரம் தவறாமல் எப்படிப் பெய்யும் என்று. ஹெண்ட்ரிக் நோட்டை வாங்கிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் நெற்றி சுருங்கியது. அளந்தவரையே கேள் என்றார் இளவழகனிடம்.

"இந்தத் தூறலெல்லாம் நெசமா பேஞ்சுதாங்க?" என்று அவன் அம்மாவைக் கேட்டான். அவளிடம் 'ங்க' போட்டுப் பேசுவது அதுதான் முதல் முறை.

ராசம்மாள் உற்சாகமாகச் சொன்னாள். "மழ ஏது தம்பி? மூணு நாளு சேந்தாப்ல முட்டையா விழுந்தா மனசு கேக்காது. எம் பு... தம்பியோட நோட்டாச்சே, முட்டையா போட்டா மார்க்க கொறைச்சிட மாட்டாங்களா? அதுக்காவ பொய் எழுதலீங்க. கொஞ்சூண்டு தண்ணிய உள்ள ஊத்தி, அளந்து பாத்துட்டுத்தான் எழுதுனேன். இருந்தது எவ்வளவோ அவ்வளவுதான் நோட்டுல இருக்கு."

மூன்றாம் வகுப்பில் கணக்கில் முட்டை வாங்கியதற்கு வாத்தியார் அவனை வெயிலில் முட்டி போட வைத்தார். அன்றைக்கு வயலிலிருந்து சேறோடு ஓடி வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றவள் இவள். இளவழகனுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவனுக்கே தெரியவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தப் பாசம் அவன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டது.

அவன் பாதியைத்தான் மொழிபெயர்த்தான்: தண்ணீர் ஊற்றியதை. ஹெண்ட்ரிக் கோபப்படவில்லை. இந்த மனுஷி உனக்கு உறவா என்று கேட்டார். உறவு என்றால் விஷயம் வேறு, நீயே சொல்லி ஊற்ற வைத்தாய் என்று சந்தேகம் வரும், விசாரணைக்குழு வரை போகும். வெளியாள் என்றால் இது பார்வையாளரின் தவறு, உன்னைப் பாதிக்காது என்றும் சொன்னார்.

இளவழகன் அம்மாவைப் பார்க்கவில்லை. உறவில்லை என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் என்பது சும்மாவா? கூலிக்கு வைத்த பெண், வராத நாட்களை மறைக்க இப்படிச் செய்திருக்கிறாள், இந்தப் பக்கத்து ஆட்களை நம்புவது கஷ்டம் என்று சரளமான ஆங்கிலத்தில் சொன்னான். சொல்லும்போதே, இரண்டு பாஷையும் தெரிந்த ஒருத்தி வேன் படியில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது உறைத்தது. சபிஹா நிமிர்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவள் வாயைத் திறந்தால் நெதர்லாந்து அவளுக்கு.

இனி அவள் அளக்க வேண்டாம் என்று ஹெண்ட்ரிக் சொல்ல, அவன் அம்மாவிடம் திரும்பினான். "நாளையிலேருந்து நீங்க அளக்க வேணாம்."

"தப்பாயிடிச்சாங்க?"

"ஆமா. ஒரு வருச வேல வீணாப்போச்சு."

ராசம்மாள் முகத்திலிருந்த வெளிச்சம் போயிற்று. தனக்காக அல்ல, அவனுக்காகப் பயந்தாள். அந்தப் பயம் அவனுக்குப் புரிந்தது, புரிந்தும் நின்றான்.

சபிஹா எழுந்து அவளருகே போனாள். தமிழில் கேட்டாள்: "உம்மா, இவர் உங்களுக்கு ஆரு?"

ராசம்மாள் மகனைப் பார்த்தாள். இப்போது சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. புகழ்ச்சி வரட்டும் என்று காத்திருந்த வாக்கை இதற்குள் உடைக்கலாமா என்று. ஒரு தலையசைப்புப் போதும். அவன் குனிந்து மழைமானியின் திருகைச் சரிபார்த்தான்.

"தெரிஞ்ச தம்பிங்க" என்றாள் அவள். "படிச்சவங்க. நோட்டு குடுத்துட்டுப் போவாங்க. வேற ஒண்ணும் இல்ல. தப்பெல்லாம் என்னுதுதாம்மா, அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

என்ன சொல்கிறாள் என்று ஹெண்ட்ரிக் இளவழகனைக் கேட்டார். அவன் ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தான். அன்றைக்கு அவன் செய்த மொழிபெயர்ப்புகளில் அது ஒன்றுதான் மூலத்துக்கு நேர்மையானது. ஹெண்ட்ரிக் தலையாட்டி, நீ இதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடித்தது என்று அவன் தோளைத் தட்டினார். அடுத்த வருடப் பயிற்சியில் 'பார்வையாளர் பிழை' என்ற பாடத்துக்கு ஒரு படம் வேண்டும், அந்தப் பெண்ணை மானிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல் என்றார். போனைச் சபிஹாவிடம் நீட்டினார்.

சபிஹா அதை வாங்கி இளவழகன் கையில் வைத்தாள். "நீங்களே எடுங்க. அவங்க உங்களத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறாங்க."

ராசம்மாள் மாராப்பைச் சரிசெய்து, கலைந்த முடியைக் கையால் ஒதுக்கி, மானியருகே நேராக நின்றாள்.

"சிரிக்கலாமாங்க தம்பி?"

"சிரிங்க" என்றான்.

அவள் சிரித்தாள். வெயில் அவள் கண்ணுக்கு நேரே அடித்தது. படம் கெட்டுவிடக் கூடாதே என்று, அவன் எடுத்து முடிக்கும்வரை, இமை கொட்டாமல் நின்றாள்.