கோடாலி படாத மரம்

சுகந்தி பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தாள். ஆட்களை அழைத்துப் போகிறவர்கள் அவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று வழிகாட்டிப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கு அழைத்து வந்திருப்பது அவள் புருஷன் நல்லசாமி ஒருவனைத்தான். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, உப்பும் புகையிலையும் முடிந்த துணியால் கெண்டைக்காலைத் தேய்த்தபடி வந்தான். அட்டைகளுக்கு அவன் மேல் எப்போதும் தனிப் பிரியம்.

"பின்னால வேரு," என்றான்.

"கூட்டத்துல இருக்கறவங்க வழிகாட்டிக்கு வழி காட்டக் கூடாது மாமா." சொல்லி முடிப்பதற்குள் வேர் தடுக்கி, பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த இடத்தில் பாசி அமுங்கி, விரல் இடுக்குகளில் தண்ணீர் வழிந்தது. மழை பெய்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. விழ இருந்ததை மறந்து அவள் உற்சாகமாகிவிட்டாள். "பாத்தீங்களா? இது மழைத் தண்ணி இல்லீங்க. காத்தால மிஸ்ட்டு வந்துச்சில்ல, மூடுபனி, அது. மிஸ்ட்டு சும்மா பறந்து போயிரும். எலையும் பாசியும்தான் அதச் சீப்பு மாதிரி வாரி எடுக்குது. வாருனது சொட்டுச் சொட்டா எறங்கி, சருகுக்கடியில ஊறி நிக்கும். சித்திரைல நம்ம ஓடைல தண்ணி வருதே, அது இங்கிருந்து கசியறதுதான்."

நல்லசாமி தலையாட்டினான். அந்த ஓடையில்தான் அவன் தினமும் தேயிலை வெட்டும் கவாத்துக் கத்தியைத் தீட்டுகிறான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவன் யோசித்ததில்லை.

மலையூரான இத்தலாரிலிருந்து இறங்கும் சரிவில், தேயிலைக்கும் யூகலிப்டஸுக்கும் நடுவே மிஞ்சியிருந்த பழங்காடு மூடுசோலை. அதன் நடுவில் நிற்கும் பெரிய நாவல் மரத்தைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் வரும். கூட்டத்தை உள்ளே அழைத்துப் போக உள்ளூரிலிருந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கப் போவதாக வனத்துறை ரேஞ்சர் ராஜசேகர் சொல்லியிருந்தார். பயிற்சிக்குப் போனவர்களில் கடைசியாக இரண்டு பேர் தேறினார்கள். போன வாரம் அவர்களில் ஒருத்தியான சரிதா, ரேஞ்சர் முன்னால் ஒரு கூட்டத்தை அழைத்துப் போய், அச்சடித்துக் கொடுத்திருந்ததை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்துவிட்டு வந்தாள். நாளைக்கு சுகந்தியின் முறை. தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்கித் தூக்கி அவள் வலது தோளில் ஜவ்வு கிழிந்திருந்தது. இனி எடை தூக்கினால் கை மேலே எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த வேலை கிடைத்தால் மூட்டையை விட்டுவிடலாம். கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை காலையில் மறுபடியும் அதே மூட்டை, அதே தோள்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயிற்சியின் முதல் நாளிலேயே அவளுக்கு இந்தக் காடு பிடித்துப் போயிருந்தது. தான் இத்தனை கேள்வி கேட்கிறவள் என்பதே அவளுக்கு அங்கேதான் தெரிந்தது.

பாதை திரும்பியதும் பெரிய நாவல் எதிரே வந்தது. தரையோடு பரந்த ஒரே அடி. அதிலிருந்து ஐந்து தண்டுகள், கவிழாமல் நிமிர்த்தி வைத்த கைவிரல்கள் போல மேலே போயின. ஒவ்வொன்றும் ஒரு தனி மரத்தின் பருமன். நடுவில் வெற்றிடம். இரண்டு தண்டுகளுக்கு இடையே ஒருக்களித்து நுழைந்தால் ஏழெட்டுப் பேர் உள்ளே நிற்கலாம். உயரத்தில் துளிர் இலைகள் செம்பு நிறத்தில் மினுங்கின. பக்கத்தில் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து: 'கோடாலி படாத மரம்.'

சுகந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒப்பிக்கத் தொடங்கினாள். "சுற்றியுள்ள மலைகள் தேயிலைக்காகவும் விறகுக்காகவும் மொட்டையடிக்கப்பட்ட காலத்திலும், ஒரு கோடாலியும் படாமல் பல நூற்றாண்டுகளாக நிற்பது இந்தப் பெரிய நாவல். காலம் இதன் வயிற்றைக் குடைந்தெடுத்த பின்னும்..."

நல்லசாமி கேட்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு தண்டு அடியிலிருந்து கிளம்பும் இடத்தில் உள்ளங்கையை வைத்தான். நகர்ந்து அடுத்ததில் வைத்தான். அப்படியே ஒரு சுற்று சுற்றி வந்து எழுந்தான்.

"இது கவாத்துப் பண்ணுன மரம்," என்றான்.

"என்னது?"

"அடியோட வெட்டியிருக்காங்க புள்ள. பொறவு தளுத்திருக்குது."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் கவாத்துத்தான். எங்கண்ணன் தாடி வெச்சுட்டு வந்தப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"அவனுக்குச் சொன்னதும் சரிதானே?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை செய்யும்போது மட்டும் அவன் முகத்தில் வரும் பார்வை அது. தேயிலையைச் சும்மா விட்டால் மரமாகிவிடும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதுதான் கவாத்து. வெட்டிய பிறகு தோட்டத்தைப் பார்த்தால் எல்லாம் செத்துப்போனது போலிருக்கும். ஆனால் பட்டைக்குள்ளே உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள், தலை போனது தெரிந்ததும் விழித்துக்கொள்ளும். வெட்டுக்குக் கீழே சுற்றிலும் முளை விடும். பட்டையில் மட்டும்தான் உயிர், அதனால் விளிம்பில் மட்டும்தான் முளை. நடுக்கட்டைக்கு வேலை இல்லாமல் போய், அது காய்ந்து, உளுத்து, உதிரும். இதை நல்லசாமி இத்தனை சொற்களில் சொல்லவில்லை. "சுத்தியும் ஒரே மட்டத்துல கெளம்புது பாரு. அஞ்சும் ஒரே பருமன். ஒரே சமயத்துல பொறந்ததுக," என்று மட்டும் சொன்னான். மிச்சத்தை சுகந்தியே கூட்டிப் புரிந்துகொண்டாள்.

"காத்துல முறிஞ்சிருந்தா?"

"முறிஞ்சா ஒரு பக்கம் கிழிஞ்சு எறங்கும். தளுவு மேலயும் கீழயும் வரும்."

"தீப்புடிச்சிருந்தா?"

அவன் யோசித்தான். "அது எனக்குத் தெரியாது. நான் செடியத்தான பாத்திருக்கறேன், மரத்தக் கண்டனா?"

சுகந்தி தண்டுகளுக்கு நடுவே நுழைந்தாள். இது வரை இதை மரத்தின் வயிறு என்றே நினைத்திருந்தாள். இப்போது பார்த்தபோது வேறு மாதிரித் தெரிந்தது. அவன் சொன்னது சரியென்றால் இங்கே ஒன்றும் குடையப்படவில்லை. இந்த இடத்தில் ஒரு மரம் நின்றிருந்தது. அவள் இடது கையால் தண்டுகளைத் தொட்டபடி உள்ளே ஒரு வட்டம் வந்தாள். அந்த மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய இந்த வட்டம். ஐந்தில் எந்தத் தண்டையும் விட அது பெரியது. இல்லாமல் போன ஒரு மரத்துக்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்தபோது ஐந்து தண்டுகளின் உச்சிகளுக்கும் நடுவில் வானம் வட்டமாகத் திறந்திருந்தது.

"மாமா, அப்பிடீன்னா வேரு தண்டை விட மூத்ததுங்களா?"

"பின்ன?"

அவள் குனிந்து மண்ணில் ஓடிய வேரைத் தொட்டுப் பார்த்தாள். உடனேயே நாளைக்கு என்ன சொல்வது என்ற நினைப்பும் வந்தது.

அது நல்லசாமிக்கும் வந்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் அவன், சோலை முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில் நின்றான். "நாளைக்கு அவங்க எழுதிக் குடுத்ததையே சொல்லீரு. நான் பாட்டுக்கு ஏதோ ஒளறுனேன்."

"நீங்க ஒளறலீங்க."

"ரேஞ்சரு வெச்ச போர்டு அது. அவரு முன்னால நின்னுட்டு அது பொய்யின்னு சொல்லுவியா? உன்ற தோள நெனச்சுப் பாரு."

"பொய்யின்னு யாரு சொன்னா? எனக்கு இன்னும் தெரியலீங்க."

சுகந்தி வீட்டுக்குப் போகாமல், அவர்கள் குடியிருந்த தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் இந்த வருஷம் கவாத்து முடிந்த பகுதிக்குப் போனாள். இருபது வருஷமாக இந்தச் செடிகளின் மேல்மட்டத்தில் அவள் கை ஓடியிருக்கிறது. எந்தச் செடி சீக்கிரம் துளிர்க்கும், எது மலட்டுத்தனம் பண்ணும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். ஆனால் கொழுந்து எடுப்பவர்களுக்குச் செடி என்பது இடுப்புக்கு மேலேதான். அதன் கீழே பார்க்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. அது கவாத்துக்காரர்களின் பக்கம். ஒரே செடியில் புருஷன் கீழேயும் பெண்சாதி மேலேயும் வேலை செய்து, சந்திக்காமலே இத்தனை காலம் ஓடியிருந்தது. மண்டி போட்டுக் கிளைகளை விலக்கினாள். கீழே ஒரு முண்டு. அதன் விளிம்பைச் சுற்றி விரல் பருமனில் கிளைகள். நடுவில் கறுத்து உளுத்த கட்டை. விரலால் நெருடியதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுத்த செடியைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும். இருட்டி, கிளை தெரியாமல் போகும் வரைக்கும் பார்த்தாள்.

மறுநாள் வந்தவர்கள் ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு வேனில் வந்த குடும்பங்கள். அதில் தெய்வம்மாள் என்ற பெரிய அம்மாள் ஒருத்தி, வழியெல்லாம் வாந்தி எடுத்து வந்த கோபத்தை யார் மேலாவது காட்டக் காத்திருந்தாள். ரேஞ்சர் ராஜசேகர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தின் கடைசியில் நடந்தார். சுகந்தி பாசியைப் பிழிந்து காட்டினாள், சருகைக் கிளறிக் காட்டினாள், ஓடையைக் காட்டினாள். கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கைபேசியைப் பைக்குள் போட்டார்கள். பெரிய நாவலின் முன்னால் வந்ததும் மட்டும் அவளுக்குப் பேச்சு நின்றது.

"போர்டுல இருக்கறதச் சொல்லுங்கம்மா," என்று பின்னாலிருந்து ரேஞ்சர் எடுத்துக் கொடுத்தார். மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

எழுதிக் கொடுத்தது மறக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் வரிசையாக நாக்கில் நின்றது. சொன்னால் போதும்.

"சொல்றேனுங்க சார். அதுக்கு முன்னால அஞ்சு பேரு இங்க வாங்க. ஆளுக்கொரு தண்டு. தண்டு அடியிலிருந்து கெளம்பற எடத்துல கைய வெய்யுங்க."

ஐந்து பேர் குனிந்து கையை வைத்தார்கள். மற்றவர்கள் பார்த்தார்கள். ஐந்து கைகளும் ஒரே மட்டத்தில் இருந்தன, கயிறு பிடித்துக் கட்டியது போல.

"போர்டுல கோடாலி படாத மரம்னு போட்டிருக்குதுங்க. நானும் அப்பிடித்தான் படிச்சேன். எங்க ஊட்டுக்காரரு தேயிலைல கவாத்துப் பண்றவரு. நேத்து இங்க கூட்டிட்டு வந்தேன். இது எப்பவோ ஒருக்கா அடியோட வெட்டுப்பட்டுத் தளுத்ததுங்கறாரு. வெட்டுன தேயிலைச் செடியும் அச்சு அசலா இப்பிடித்தானுங்க இருக்குது, நேத்துச் சாயங்காலம் பாத்தேன். கோடாலிதானான்னு எனக்குத் தெரியாதுங்க. தீயாக்கூட இருக்கலாம். பாத்தவங்க யாரும் இல்லீங்க."

தெய்வம்மாள் காத்திருந்த இடம் வந்துவிட்டது. "அப்ப இது பழைய மரமே இல்லியா? இத்தன கொண்டை ஊசி வளைவும் எதுக்குச் சுத்துனோம்?"

"தண்டு வயசுல சின்னதுங்க அம்மா. அஞ்சும் கொழந்தைக. வேரு ரொம்பப் பழசு. தண்டுக்கு வேணும்னா ஒரு வயசு சொல்லலாமுங்க, வேருக்கு எத்தனன்னு சொல்ல இப்போதைக்கு ஆளில்ல. உள்ள போய் நின்னு பாருங்க. பழைய மரம் நின்ன எடம் அதுதான்."

தெய்வம்மாள் அவளை முறைத்தாள். பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முதலில் தண்டுகளுக்கு இடையே நுழைந்தாள். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது, வேறு யாரோ பேசுவது போல மெதுவாக: "ஏனுங்க, இங்க வந்து மேல பாருங்க." அவள் புருஷன் போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள்.

ரேஞ்சர் சுகந்தியின் பக்கம் வந்து நின்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"சரிதா இதெல்லாம் சொல்லலியே."

"அவ ஊட்டுக்காரரு டிரைவருங்க சார்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்துச் சொல்லவில்லை. அவரும் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்தார், பிறகு மரத்தைப் பார்த்தார். "இவங்கள ஓடைப் பாலம் வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. நான் பின்னால வர்றேன்," என்றார்.

கூட்டத்தை முன்னே விட்டு சுகந்தி கடைசியாக நடந்தாள். முதுகைக் காட்டக் கூடாது என்பதெல்லாம் நினைவில் இல்லை. தோள் விண்விண்ணென்று வலித்தது. திருப்பத்தில் நின்று திரும்பிப் பார்த்தாள். பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து மரத்தின் அடியை நனைத்துக்கொண்டிருந்தது. ரேஞ்சர் மரத்தைச் சுற்றி நடந்தார். காக்கித் தொப்பி ஒரு தண்டுக்குப் பின்னால் மறைந்து, அடுத்த இடைவெளியில் தெரிந்தது. மறைந்தது, தெரிந்தது. ஒவ்வொரு தண்டிடமும் கொஞ்சம் குனிந்தது. பாலத்துப் பக்கமிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். கடைசித் தண்டுக்குப் பின்னால் போன தொப்பி அந்தப் பக்கம் வெளியே வரவில்லை. பனி மூடுவதற்குள் ஒருகணம், ஐந்து தண்டுகளுக்கும் நடுவே, அண்ணாந்த முகம் ஒன்று வெளுப்பாகத் தெரிந்தது.