மொட்டமலையில் ஒன்றும் இல்லை

மலையில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தபோது, நான் ஆடுகளை அப்போதுதான் பட்டியில் அடைத்திருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கட்டுத் தாள். பெயர் கலைப்பிரியா என்றாள். கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தாள்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் அத்தைதான் முதலில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, கணக்கெடுப்பா?"

"ஆமாங்க. மொட்டமலையில என்ன மிருகம் இருக்கு, என்ன பறவை இருக்கு, நீங்க யார் யார் மேல போறீங்க. அவ்ளோதாங்க."

தெருவே அவள் கழுத்து அட்டையைப் பார்த்தது. மூன்று மாதத்துக்கு முன்புதான் மலையில் முயலுக்குக் கண்ணி வைத்ததற்காக மாரியப்பன் மாமாவை வனத்துறையினர் பிடித்துப்போய் வழக்குப் போட்டிருந்தார்கள். இன்னும் வாய்தாவுக்குத் திண்டிவனம் போய் வருகிறார். கழுத்தில் அட்டை மாட்டிய யார் வந்து மலையைப் பற்றிக் கேட்டாலும் எங்கள் தெருவில் ஒரே பதில்தான்.

"மேல இன்னா கீது? வெறும் பாறை. காக்கா கூட ஒக்காராது" என்றாள் அத்தை.

"முயல், உடும்பு ஏதாவது?"

"எங்களுக்கே இங்க சோத்துக்கு வழியக் காணோம். அதுங்க வந்து இன்னாத்தத் துன்னும்?"

எல்லோரும் சிரித்தார்கள். கலைப்பிரியாவும் சிரித்தாள்.

"ஆடு மேய்க்கப் போவீங்களா?"

"ஏரிக்கரையோட சரிங்க" என்றார் அப்பா. அவருக்குப் பின்னால் பட்டியில் நின்ற பதினோரு ஆடுகளின் மேலும் மலையில் மட்டும் முளைக்கிற ஊசிப்புல் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு ஒரு தாள் நிரப்ப வேண்டுமாம். எழுதத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டாள். "எங்க செல்வி எழுதும். எழுத்து முத்து முத்தா இருக்கும்" என்று அத்தை என்னை முன்னால் தள்ளினாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். நான்கு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுத்து வரும். இருபத்தேழு வீட்டுத் தாளையும் நானே நிரப்பினேன். வனவிலங்குகள்: இல்லை. பறவைக் கூடுகள்: இல்லை. மேய்ச்சல்: இல்லை. மலையைப் பயன்படுத்துவோர்: இல்லை. கீழே அவரவர் கையெழுத்து அல்லது கைநாட்டு.

"நெஜமாவே ஒண்ணும் இல்லையா செல்வி?" என்று போகும்போது என்னிடம் மட்டும் மெதுவாகக் கேட்டாள். நல்ல முகம் அவளுக்கு. அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்லக்கா" என்றேன்.

இந்தக் கணக்கு எதற்கு என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பஞ்சாயத்துச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். மலை உச்சியில் பெரிய ஓட்டல் வருகிறது. விருந்தாளிகள் ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார்கள். அதற்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் விழுப்புரத்தில் மக்களிடம் கருத்துக் கேட்பார்கள். ஆடுமாடு குறுக்கே வராமல் இருக்க அடிவாரத்திலிருந்தே வேலி.

அப்பா என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பட்டிக்குப் போய் ஆடுகளின் நடுவே உட்கார்ந்துகொண்டார். அந்த ஆடுகள் வருவதற்கு முன்பு நாங்கள் ஆண்டுக்கு ஏழு மாதம் செங்கல் சூளையில் இருந்தோம். அம்மா காய்ச்சலோடு மண் மிதித்து அங்கேயே செத்துப்போனாள். இனி சூளைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அப்பா அவள் குழிமேட்டில் வைத்துச் சொல்லியிருந்தார். மலை இல்லையென்றால் ஆடு இல்லை. ஆடு இல்லையென்றால் சூளைதான்.

கூட்டத்துக்கு அப்பா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் கட்டைப்பையில் என் நோட்டை எடுத்துக்கொண்டேன். மூன்று வருடமாக மலையில் கண்டதையெல்லாம் தேதி போட்டு அதில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பாறை இடுக்கில் ஆந்தை குஞ்சு பொரித்தது, மேற்குச் சரிவில் எத்தனை தேனடை, சுனையில் எந்த மாதம் வரை தண்ணீர். யாரிடமும் காட்டியதில்லை. இன்று கொடுத்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் விழுப்புரம் வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

அதிகாரி அறிக்கையைப் படித்தார். இருபத்தேழு வீடுகளிலும் கேட்டாயிற்று, மலையில் உயிரினங்கள் இல்லை, மலைக்கு யாரும் போவதில்லை. எல்லாம் நான் நிரப்பிய தாள்கள். திரையில் பெரிதாகக் காட்டினார்கள்.

அப்பா எழுந்தார். "ஐயா, அது தப்புங்க. மேல எல்லாம் கீதுங்க. நாங்க தெனம் போறோங்க."

"இது உங்க கைநாட்டு தானே, சவுரிராயன்?"

"ஆமாங்க."

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"அப்ப சொன்னதுங்க. பயந்துக்கினு சொல்ட்டோம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "சரி. இருக்குன்னு காட்ட ஏதாவது வச்சிருக்கீங்களா? போட்டோ, எழுதி வச்சது, எதுனாலும் குடுங்க. பதிவு பண்ணிக்கறேன்."

நான் மடியில் நோட்டைத் திறந்தேன். மார்ச் நான்கு: வடக்குப் புதரில் முயல்கள். அப்பா கண்ணி வைத்தார், இரண்டு. அடுத்த பக்கம்: கவுதாரி ஆறு, அப்பா ஒன்றைப் பிடித்தார். அடுத்தது: உடும்பு, மாரியப்பன் மாமா முதுகுவலிக்குக் கேட்டதால் அப்பா பிடித்துக் கொடுத்தார். ஆந்தை இருந்த தாளைக் கிழிக்கலாமென்றால் அதன் பின்பக்கமும் முயல். முன்வரிசையில் வனத்துறைக் காக்கி உடுப்புக்காரர்கள் இருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா நின்றபடியே அரங்கை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அவர் பார்வை என்மேல் வந்து நின்றது. நான் நோட்டை மூடினேன்.

"எதுவும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அனுமதி வந்தது. வேலி போட்டார்கள். ஏரிக்கரைப் புல் எல்லோருடைய ஆட்டுக்கும் போதவில்லை. தை முடிவதற்குள் பதினோரு ஆட்டையும் விற்றோம்.

சூளை லாரிக்காகக் கூட்டேரிப்பட்டு ரோட்டில் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தபோது ஓட்டலுக்கு இடம் பார்க்க வந்த ஹெலிகாப்டர் தலைக்கு மேலே மலைப்பக்கம் போனது. கடைகளிலிருந்து ஆட்கள் செல்போனோடு ஓடிவந்தார்கள். அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மலையில ஒக்காந்து எழுதிக்கினே இருப்பியே ஒரு நோட்டு" என்றார். "அன்னிக்கு எடுத்துக்கினு தான வந்த?"

தலையாட்டினேன்.

"நீ குடுப்பன்னு பாத்துக்கினு நின்னேன்."

"நீ கண்ணி வச்சதெல்லாம் அதுல இருக்குப்பா. கேஸு போட்டிருப்பாங்க."

லாரி வந்து நின்றது. அப்பா மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

"மாரியப்பன் மேல கூடத்தான் கேஸு கீது" என்றார். "வாய்தாவுக்குப் போய்க்கினு வூட்டுல தான கீறான்."

பிறகு ஏறிக்கொண்டு, எனக்குக் கை கொடுத்தார்.