கைகால் ஓடும் வரை

மூங்கில் நனைந்திருந்தது. ஒன்பதாவது கணுவில் வலது பாதத்தை ஊன்றி, இடது முழங்காலைக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் அழுத்திக்கொண்டு, மாதம்மாள் கையை மேலே நீட்டினாள். மிளகுக் கொத்து விரலில் பட்டதும் கிள்ளினாள். பனித்தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி அக்குளுக்குள் போனது. இடுப்பில் கட்டிய சாக்குப்பை கால்வாசிகூட நிறையவில்லை. பனி விலகுவதற்குள் இந்த மரத்தை முடித்து அடுத்த மரத்துக்கு ஏணியை மாற்ற வேண்டும்.

கணுவே படியாக உள்ள ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறுகிறவருக்குக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். கொல்லிமலையில் மிளகு பறிக்கிற எல்லாரும் அறிந்தது இது. அவளுக்குப் பிடிக்க ஆள் இல்லை. ஏணியின் அடியை இரண்டு கல்லுக்கு நடுவில் சொருகிவிட்டு ஏறினாள். காற்று அடித்தால் மூங்கில் ஒரு பக்கமாகச் சுழன்றது. அப்போதெல்லாம் கொடியோடு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். செவ்வெறும்புகள் கழுத்துக்குள் இறங்கின. தட்டிவிடக் கை ஒழியவில்லை. ஒவ்வொரு கணுவுக்கும் காலைத் தூக்கும்போது அடிவயிறு பிய்த்துக்கொண்டு இறங்குவதுபோல் இருந்தது. கர்ப்பப்பை இறங்கி ஆறு வருடமாகிறது. பழைய சேலைத் துணியை இறுக்கிக் கட்டித்தான் ஏறுகிறாள். வயது அறுபத்து மூன்று.

அவள் போட்டிருந்தது கணவன் சின்னுசாமியின் முழுக்கைச் சட்டை. மடித்துக் கட்டியது அவன் லுங்கி. தலையில் அவன் துண்டு. மலையின் இந்த அரியூர் நாட்டுப் பகுதியில் பொம்பளை மிளகு மரம் ஏறமாட்டாள். ஏறினால் கொடி பட்டுப்போகும் என்பார்கள். பறித்த மிளகைக் காலால் மிதித்து உதிர்ப்பதும் உலர்த்துவதும் அவள் வேலை. மரம் ஆம்பளையுடையது. மேலே ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பனிக்குள் சின்னுசாமி பறிப்பதாகத்தான் தெரிய வேண்டும். நாற்பத்தோரு நாளாகத் தெரிந்துகொண்டிருந்தது. ஒரு கொடியும் பட்டுப்போகவில்லை.

சின்னுசாமி மார்கழி தொடக்கத்தில் ஏணியோடு சரிந்து விழுந்தான். இடுப்பெலும்பு போய்விட்டது. அன்று சாயங்காலம் வந்து பார்த்த நர்ஸ் ரோஸ்லின், உடனே நாமக்கல்லுக்குக் கொண்டுபோனால் பிளேட் வைத்து நடக்க வைக்கலாம் என்றாள். ஆம்புலன்சுக்குப் போனை எடுத்தவளின் கையைப் பிடித்தவன் சின்னுசாமிதான். ஆம்புலன்ஸ் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் வீடு போய்விடும்.

மாதம்மாள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மரத்தின் மேல் இருக்கும்போது தன்னையே கேட்டுக்கொள்வாள். அவன் காலா, வீடா என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வீடு என்றுதான் சொல்லியிருப்பாளோ என்று தோன்றும்போது அவளுக்குத் தன்மேல் பயம் வந்தது.

இந்த மூன்று ஏக்கர் அவர்களுடையது. மகன் சிறுநீரகம் பழுதாகிச் சேலத்தில் கிடந்தபோது, ராசிபுரத்து வியாபாரி செந்தில்நாதனுக்குப் பதினைந்து வருடக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தார்கள். மகன் பிழைக்கவில்லை. குத்தகையில் இன்னும் ஆறு வருடம் பாக்கி. எழுதும்போது வீட்டையும் சேர்த்து விட்டுவிட்டுப் போக ஒரு தொகை தருவதாகச் செந்தில்நாதன் சொன்னார். சின்னுசாமிக்கு ரோசம் வந்துவிட்டது. நாங்கள் சும்மா உட்கார்ந்து தின்கிற ஜனம் இல்லை, இருக்கிற வீட்டுக்குப் பாடுபட்டே கொடுப்போம், கைகால் ஓடும் வரை நானும் என் பெண்சாதியும் இந்த மரங்களைப் பார்த்துக்கொள்வோம், ஓடாவிட்டால் நாங்களே கிளம்பிவிடுவோம் என்றான். செந்தில்நாதன் அதை அப்படியே முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டார். அந்தப் பேச்சு ஊருக்குப் பிடித்துப்போனது. பின்னால் நிலத்தைக் கொடுத்த ஐந்து வீட்டுக்காரர்களும், சின்னுசாமி சொன்ன மாதிரியே எனக்கும் எழுதுங்கள் என்று கேட்டு வாங்கினார்கள்.

அந்த ஐந்தில் மாதேஸ்வரனின் வீடு போன வருடம் போனது. கிழவனுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மகளோடு திருப்பூர் போய்விட்டான். வீடு இருந்த இடத்தில் இப்போது அருவி பார்க்க வருகிறவர்கள் தங்க நீல நிறத்தில் ஒரு காட்டேஜ் நிற்கிறது. அவன் மரங்களை மற்ற வீட்டுக்காரர்கள் கூலிக்குப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மாதம்மாளும் பன்னிரண்டு மரம் வாங்கினாள். அன்று சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மூட்டையோடு வீட்டுக்கு வந்தபோது சின்னுசாமி கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அவனைப் புரட்டி, ஈரத்துணியால் முதுகுப் புண்ணைத் துடைத்தாள்.

“எத்தனை மரம்?” என்றான்.

“நாலுங்க.”

“நானா இருந்தா ஏழு.”

‘ஏழு ஏறினவருதான விழுந்தீங்க’ என்று நாக்கு வரை வந்தது. முதல் வாரம் நடுங்கிக்கொண்டு ஏறியவள்தான். இப்போது உச்சிக்குப் போய்க் கீழே பார்க்கும்போது ஒரு கணம் மனசு இறக்கை விரித்தது. இதைத்தானா இத்தனை காலம் எனக்குக் கொடுக்காமல் வைத்திருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கணவன் புண்ணோடு கிடக்கையில் இப்படி ஒரு நினைப்பு வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. செந்தில்நாதன் ஒரு பையில் ரொட்டியும் ஆப்பிளும் கொண்டுவந்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பெரியவருக்கு மேலுக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேனுங்க. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமுங்களா?”

“ஆருங்க சொன்னது?” என்றாள் மாதம்மாள்.

“நல்லது நினைக்கறவங்கதான்.”

சின்னுசாமி முழங்கையை ஊன்றி எழுந்தான். “எனக்கு ஒண்ணுமில்லீங்க. லேசாப் பிடிப்பு. மரம் ஏறிட்டுத்தான் இருக்கறேன்.”

“அப்பச் சரிங்க. வெளிய ஒரு மரம் ஏறிக் காட்டுங்க. பாத்துட்டு நானும் மனசு நிறைஞ்சு கிளம்பிடறேன்.” அவர் குரலில் கோபமே இல்லை.

முடியாது என்று மாதம்மாள் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு நேரம் இருந்தது. சின்னுசாமி கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கி, கைகளை ஊன்றி, இடுப்பை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிச் சிமெண்டுக் களத்தைக் கடக்கும் வரை நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை. ஒருவேளை ஏறிவிடுவானோ என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு முன்னால் நடந்துபோய் அவளே ஏணியைச் சாத்தினாள். அடியைப் பிடித்துக்கொண்டாள்.

சின்னுசாமி மூங்கிலைப் பற்றி எழுந்து நின்றான். உதட்டிலிருந்த நிறமெல்லாம் போய்விட்டது. முதல் கணுவில் நல்ல காலை வைத்துக் கையால் உடம்பைத் தூக்கினான். மற்ற கால் தொங்கியது. அதை இரண்டாவது கணுவில் வைக்க, தொடையைக் கையால் பிடித்துத் தூக்கப் பார்த்தான். அவன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அறுபடும் ஆட்டின் சத்தம் மாதிரி இருந்தது. மாதம்மாளின் தோளில் மோதிச் சரிந்து, களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகின் மேல் விழுந்தான். லுங்கி நனைந்து ஈரம் மிளகுக்குள் பரவியது.

நிமிர்ந்து பார்த்தபோது செந்தில்நாதன் செல்போனை நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார்.

“ரெக்கார்டுக்குங்க. கிழவரை நான் துரத்திவிட்டேன்னு நாளைக்கு ஒருத்தரும் பேசக்கூடாது பாருங்க.” போனைச் சட்டைப்பையில் போட்டார். “இத்தனை நாளா ஏறினது ஆருங்க?”

“நான்தானுங்க. வேலை நிக்கலீங்களே. ஒரு மரம்கூட விட்டுப்போகலை. போய்ப் பாருங்க.”

“தாள்ல ரெண்டு பேருன்னு இருக்குதுங்கம்மா. அதுவும் உங்க வாய்ச்சொல்தான். பொம்பளை ஏறினாக் கொடி பட்டுப்போகும்னு நீங்கதான சொல்லுவீங்க? என் கொடிக்கு ஏதாச்சும் ஆனா ஆரு பதில் சொல்றது?” ஜீப்பில் ஏறிக்கொண்டு சொன்னார். “அடுத்த வெள்ளிக்குள்ள ஊட்டை ஒழிச்சுக் கொடுத்துடுங்க. அவசரப்படுத்தறேன்னு நினைச்சுக்காதீங்க.”

மத்தியானம் பொன்னம்மாள் வந்தாள். சின்னுசாமியின் தங்கை, பக்கத்து மேட்டு வீட்டுக்காரி. களத்து ஓரத்திலேயே நின்றாள்.

“நங்கையா, நான்தான் வியாபாரிக்குப் போன் பண்ணினேன்” என்றாள். “ஏணியில உங்க பாதத்தைப் பாத்தேன். எங்கண்ணன் பாதம் எனக்குத் தெரியாதா? அண்ணன் மரத்தையெல்லாம் எங்களுக்கே தர்றேன்னு அவரு சொல்லியிருந்தாரு.”

மாதம்மாள் பறித்துவந்த கொத்துகளைப் பாயில் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தாள். காலை நிறுத்தவில்லை. மாதேஸ்வரன் லாரியில் சட்டிபானையை ஏற்றிய அன்று தான் எண்ணி வாங்கிய பன்னிரண்டு மரமும் கண்முன் நின்றன. திட்டுவதற்கு எடுத்த வார்த்தை அந்தப் பன்னிரண்டு மரத்தில் முட்டி நின்றது.

“நின்னுட்டே இருக்காத. வந்து மிதி” என்றாள்.

இருவரும் மிதித்தார்கள். பச்சை மிளகின் காரம் பாதவெடிப்பில் ஏறி எரிந்தது. மிதித்துக்கொண்டே பொன்னம்மாள் சொன்னாள். அவள் கணவன் குழந்தைவேலுவுக்குக் கண் மங்கி ஒரு வருடமாகிறது. கொத்தைத் தடவிப் பார்த்துத்தான் பறிக்கிறான். எந்தக் கணு என்று கீழேயிருந்து அவள் குரல் கொடுக்க வேண்டும். யாராவது நடமாடினால் பாட்டுப் பாடுகிற மாதிரி குரல் கொடுப்பாள்.

“அதான் கொஞ்ச நாளாப் பாடறியா?” என்றாள் மாதம்மாள். “கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நினைச்சேன்.”

பொன்னம்மாள் சிரிக்கப்போய் அழுதாள்.

பொழுது சாய்வதற்குள் மாதம்மாள் மற்ற மூன்று வீட்டுக்கும் நடந்தாள். கணவனின் சட்டையைக் கழற்றாமலே போனாள். பார்த்தவர்கள் கேட்டார்கள், ஒளிக்காமல் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் களத்துக்கு வரச் சொன்னாள். கேட்டவர்கள் செருப்பைத் தேடினார்கள்.

களத்தில் கூடியவர்கள் ஒன்பது பேர். ஐம்பத்தைந்துக்குக் குறைந்தவர் ஒருவருமில்லை. தன்னைக் கட்டிலோடு வெளியே தூக்கிப் போடச் சொன்னான் சின்னுசாமி. தான் பேசிய பெருமைப் பேச்சுதான் எல்லார் கழுத்திலும் கயிறாகிவிட்டது என்றான். யாரும் மறுக்கவில்லை. அது அவனை மறுபடி அடித்தது.

அதன்பிறகு நடந்தது வினோதமாக இருந்தது. ஆளாளுக்கு ஒளித்துவைத்த உடம்புக் குறையை எடுத்து வெளியே வைத்தார்கள். முருகானந்தத்துக்குத் தோளுக்கு மேல் கை எழும்பாது. பாதிக் கொடியை அவன் பறிப்பதே இல்லை, குரங்கு தின்றதாகச் சொல்லிவந்தான். சின்னக்கண்ணுவுக்கு இருமினால் ரத்தம் வருகிறது. ராஜாமணிக்கு உச்சியில் தலை சுற்றுகிறது. வேட்டியால் தன்னை மரத்தோடு கட்டிக்கொண்டு பறிக்கிறான்.

“குரங்கு மேல பழி போட்டியே, குரங்குக்கு நியாயம் கேக்க ஆள் இல்லைன்னா?” என்று குழந்தைவேலு தன் மங்கிய கண்ணைத் திருப்பிக் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பயமாக இருந்தது. ஓடுகிற கைகால் என்று அந்த மலைச்சரிவில் யாரிடமும் இல்லை. ஒவ்வொரு வீடும் அடுத்த வீடு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது.

மாதம்மாள் பேசினாள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. “நாளைக்கு ஆரும் ஏணி சாத்த வேண்டாம். கொத்து பழுத்துக்கிட்டு நிக்குது. ஒரு வாரம் தாண்டினா உதிர்ந்துரும், மிச்சத்தைக் குருவி கொண்டுபோயிரும். அவரு தாளை மாத்தி எழுதட்டும். உசுரு இருக்கற வரைக்கும் ஊடு எங்களுதுன்னு எழுதட்டும். இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதும் அவரு பொறுப்புன்னு எழுதட்டும். அப்பறம் ஏறறோம், ஏற முடிஞ்சவங்க.”

வீட்டைக் காலி செய்ய வைத்துவிட்டால் என்ன செய்வது என்று சின்னக்கண்ணு கேட்டான். “ஒரு ஊட்டை ஒழிக்கறது லேசு” என்றாள் அவள். “அஞ்சு ஊட்டையும் ஒரே நாள்ல ஒழிக்கணும்னா அவரு மிளகை ஆரு பறிக்கறது?”

அன்றைக்கே ரோஸ்லினைக் கூப்பிட்டார்கள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை நாளில் எலும்பு கோணலாக ஒட்டத் தொடங்கியிருக்கும், இப்போது போனாலும் நடப்பானா என்று உறுதி சொல்ல முடியாது என்றாள் அவள். அடுத்த வெள்ளிக்கிழமை நான் இங்கே இருக்க வேண்டும், ஆம்புலன்சை அதற்கு மறுநாள் வரச் சொல்லு என்றான் சின்னுசாமி. மாதம்மாள் வேண்டாம் என்றாள், இந்தமுறை வாய்விட்டே. அவன் கேட்கவில்லை.

அவர்கள் கேட்டதெல்லாம் போனில் செந்தில்நாதனுக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்து வீட்டு மரங்களிலும் கொத்துகள் சிவந்து தொங்கின. தரையெல்லாம் மிளகு உதிர்ந்து கிடந்தது. ஜீப்புக்குப் பின்னால் ஒரு வேனும் வந்தது. தேவனூர் நாட்டிலிருந்து எட்டு ஆட்கள், ஏணிகளோடு. செந்தில்நாதன் இறங்கிப் பாதையை மறித்து உட்கார்ந்திருந்த ஐந்து வீட்டுக்காரர்களைப் பார்த்தார். முன்வரிசையில் குழந்தைவேலு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஏறி மிதிச்சுட்டுப் போங்கடா. கிழடுங்கதான” என்றார். அவர் குரலில் முதல்முறையாக மரியாதை கழன்றிருந்தது.

எட்டுப் பேரில் முன்னால் நின்றவனுக்கு முப்பது வயதிருக்கும். பெயர் வேல்முருகன் என்று பின்னால் தெரிந்தது. மாதம்மாள் எழுந்து அவன் எதிரில் நின்றாள். அடிவயிறு வலித்தது. கையை அங்கே அழுத்திக்கொண்டே கேட்டாள்.

“சாமி, உங்க அப்பன் நிலம் வெச்சிருக்காரா?”

“குத்தகைக்கு விட்டிருக்குதுங்க.”

“ஆருக்கு?”

அவன் செந்தில்நாதனை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“ஊட்டுல அப்பனும் அம்மாவும் இருக்கறாங்களா? கைகால் ஓடற வரைக்கும்னு எழுதியிருக்குதா?”

அவன் மூங்கிலை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். பின்னாலிருந்த ஒருவன், எங்க ஊட்டுக்கும் அப்படித்தாண்டா எழுதியிருக்குது என்று மெதுவாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. செந்தில்நாதன் கையைத் தட்டி நேரமாகிறது என்றார். யாரும் முன்னே வரவில்லை. யாரும் திரும்பிப் போகவும் இல்லை.

வீட்டுக்குள் கட்டிலில் கிடந்த சின்னுசாமிக்கு ஒன்றும் தெரியவில்லை.

“ஏ புள்ள, எத்தனை பேரு வந்திருக்கறாங்க?” என்று உள்ளேயிருந்து கத்தினான்.

“எட்டுப் பேருங்க.”

“ஏறறாங்களா?”

மாதம்மாள் அந்த எட்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இன்னும் இல்லீங்க” என்றாள்.