கஞ்சி வாளியின் மூடி

இதனால் சகலருக்கும் அறியத்தருவதாவது: கல்முனையின் வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படவேண்டிய நிகழ்வொன்று, றமழான் பிறை பதினேழு, பின்னேரம் அஸர் தொழுகையின் பின் பிரதான வீதியில் நடைபெறும். தேசகீர்த்தி, சாமஸ்ரீ, அகில இலங்கைச் சமாதான நீதவான், அல்ஹாஜ் முகம்மது தம்பி அவர்களின் முன்னிலையில் ஒரு சாரதி துப்புவார்.

ஒலிபெருக்கியில் அறிவித்தவர் கடைசிச் சொல்லை மட்டும் ‘மாதிரி வழங்குவார்’ என்று திருத்தி வாசித்தார்.

வீதியில் வாகனங்களை மறித்துச் சாரதிகளின் எச்சிலில் போதைப்பொருள் பார்க்கும் வேலையைப் பொலிஸார் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் எதுவும் மேடை போடாமல் தொடங்காது. முதல் எச்சிலுக்கு ஒரு முன்மாதிரிச் சாரதி தேவைப்பட்டார். தன்னுடைய வேனை ஓட்டும் நஸீரையே ஹாஜியார் தெரிவுசெய்தார். தெரிவுக்குழுவிலும் அவர் ஒருவர்தான் இருந்தார்.

நஸீர் முதல்நாள் இரவு முழுக்கத் தூங்கவில்லை. பிறேக் பிடிக்கும்போதெல்லாம் வேனுக்குள் ஒரு மூடி உருளும். ஆசனங்களுக்கு அடியில் ஓடி, வட்டமாகச் சுற்றி, கிணுகிணுத்து அடங்கும். ஆசனங்களைக் கழற்றிக் கழுவியும் பார்த்துவிட்டான். பயணிகள் யாருக்கும் அந்தச் சத்தம் கேட்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முந்திய றமழானில், நோன்பு திறக்கச் சற்று முன்பாக, பள்ளிவாசலில் வாங்கிய கஞ்சியோடு றாபியா வீதியைக் கடந்தாள். மருதமுனையில் நெசவு வேலை செய்தவள். நஸீரின் வேன் அவள்மீது ஏறியது. கஞ்சி தாரில் ஆவி பறக்கக் கிடந்தது. சில்வர் வாளியை உடலோடு அவள் வீட்டில் ஒப்படைத்தார்கள். மூடி கிடைக்கவில்லை.

அன்று நஸீரின் வயிற்றில் நாலு வில்லைகள் இருந்தன. கொழும்பு ஓட்டத்துக்குக் கண் சொக்காமலிருக்கப் போடும் வில்லைகள். விபத்து நடந்தால் மட்டும் கேட்கும் அந்நாள் வழக்கப்படி, வந்த பொலிஸார் எச்சில் மாதிரி கேட்டார்கள். அப்போதும் ஹாஜியார்தான் குறுக்கே வந்தார். “நோன்புகாரன்ட வாயத் திறக்கச் சொல்லப்படா சேர்” என்றார். அவர்கள் மரியாதையாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்கள். நஸீர் அன்று நோன்பே பிடித்திருக்கவில்லை.

அதன் பிறகு அவன் வில்லை எதையும் தொட்டதில்லை. இருந்தும் எச்சில் தொட்டுப் பார்க்கும் பொலிஸ் குச்சிக்கு அன்றையது தெரிந்துவிடும் என்று பயந்தான். தெரியட்டும், அத்தோடு மூடியின் சத்தம் நிற்கட்டும் என்றும் ஆசைப்பட்டான்.

மேடையில் மற்றவர்கள் எல்லாரும் பேசி முடித்த பிறகு ஹாஜியார் நாற்பது நிமிடம் பேசினார். மாதிரி கேட்டால் கொடுப்பது சாரதியின் சட்டக் கடமை என்றார். மறுப்பதே குற்றம் என்றார். நோன்பைச் சாட்டுச் சொல்லக்கூடாது, குச்சியில் எச்சில் வைத்தால் நோன்பு முறியாது என்று மௌலவியிடம் கேட்டே வந்திருப்பதாகவும் சொன்னார். சட்டத்துக்கும் மார்க்கத்துக்கும் இடையில் இத்தனை ஒற்றுமை இரண்டு வருடத்துக்கு முன் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

சார்ஜன்ட் தனுசன் குச்சியை நஸீரின் நாக்கடியில் வைத்தார். காய்ந்துபோய் வந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது குச்சி நாக்கில் ஒட்டிக்கொண்டது. உண்மையான நோன்பாளியின் வாய் அஸருக்குப் பிறகு எப்படியிருக்கும் என்பதை ஏற்பாட்டுக் குழு யோசித்திருக்கவில்லை.

“மாதிரி தராட்டி மறுத்ததெண்டுதான் நான் எழுதோணும்” என்றார் சார்ஜன்ட், சங்கடத்தோடு.

“முயற்சி செய் மவன், ஆக்கள் பாக்குறாங்க” என்றார் ஹாஜியார்.

நஸீர் அவரைப் பார்த்தான். ஒலிவாங்கி இருவருக்கும் நடுவில் உயிரோடிருந்தது.

“இண்டைக்கு ஏலா ஹாஜியார். அண்டைக்குக் கேக்க உட்டிருந்தா வாய் நிறைய இரிந்திச்சு. நாலு வில்லையும் சேந்து இரிந்திச்சு.”

நோன்பு மயக்கத்தில் பொடியன் புலம்புகிறான் என்று ஹாஜியார் ஒலிவாங்கியில் விளக்கினார். பிறகு அதன் ஆளியை அணைத்தார். சார்ஜன்ட் தன் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்தக் கதைய ஸ்டேஷனுக்கு வந்து சொல்லுங்க தம்பி. இந்தத் துண்டில இண்டைய எச்சிலுக்கு மட்டும்தான் இடமிரிக்கி.”

நோன்பு திறக்க மஃரிப் பாங்கு கேட்டது. கூட்டம் ஈத்தம்பழத்தின் பக்கம் திரும்பியது. யாரோ நஸீரின் கையில் கஞ்சி வாளியொன்றைத் தந்தார்கள். சில்வர் வாளி. ஆவி பறந்தது. மூடி இல்லை. நிமிர்ந்தபோது அருகில் எவருமில்லை. யாருடைய வாளி என்று கேட்டான், யாருக்கும் தெரியவில்லை. குடித்தான். தூரத்தில், நிறுத்தியிருந்த அவனுடைய வேனுக்குள் ஏதோ உருண்டது.

பத்து நிமிடம் கழித்து, நான்காவது குச்சி நன்றாக நனைந்தது. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். நஸீர்தான் எல்லாரையும்விட அதிகமாகக் குனிந்தான்.

முன்மாதிரிச் சாரதிக்கான சான்றிதழை ஹாஜியார் வழங்கினார். படமும் பிடித்தார்கள்.

நஸீரின் எச்சிலில் எதுவும் இல்லை.