ஆறுக்குப் பிறகு எட்டு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையாகப் பிறந்ததல்ல. லெனின்கிராதில் கபித்தோலினா சாவிச்னா கடைசிவரை குடியிருந்த வீட்டுச் சுவரில் பளிங்குப் பலகை பதிக்கப் போகிறார்கள். திறப்புவிழா மலருக்கு, புகழ்பெற்ற அந்த எழுத்தாளரின் வாழ்வும் பணியும் பற்றி ஒரு பக்கம், ‘மரியாதையாக’, கேட்டார்கள். தந்தேன். ஓரத்தில் பென்சில் குறிப்போடு திரும்பி வந்தது: ‘நாயைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஏழாம் அத்தியாயம் தேவையில்லை.’

அதனால்தான் இது கதையாயிற்று. கதைக்கு யாரும் பளிங்கு வாங்குவதில்லை. அது ஒரு வசதி.

2

தொடக்கங்கள்.

வோல்கா நதியின் பனிப்பாளங்கள் இடியோசையோடு பிளந்த அந்தப் புனிதக் காலையில், ஒரு மாபெரும் இலக்கிய

(நிறுத்து. அவர் பிறந்தது ஜூலையில். பனிப்பாளம் எங்கிருந்து வரும்?)

இளம் வயதிலேயே சொற்களின்மீது தணியாத தாகம் கொண்ட

(தாகமும் இல்லை, ஒன்றும் இல்லை. பதினேழு வயதில் ப்ரூதி என்ற ஊரின் நெசவாலையில் சேர்ந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. ஆலைச் செய்திகளைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டும் சுவர்ப் பத்திரிகையை எழுதப் போட்டார்கள். இலக்கிய மேதைகள் பலர் இப்படித்தான் உருவாகிறார்கள். மலர்களில் மட்டும் வேறு மாதிரி.)

3

இனி நேராகவே சொல்கிறேன்.

அவருக்குப் பத்தொன்பது வயது. ஆலையின் குழந்தைகள் காப்பகத்தில் அடுப்புக்கு விறகில்லை. உஸ்தீன்யா கொப்திலோவா என்ற நெசவாளியின் கைக்குழந்தை அங்கே விறைத்துச் செத்தது. மறுநாள் உஸ்தீன்யா தன் தறியை நிறுத்தினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். மாலைக்குள் இருநூறு தறிகள். மூன்று நாள் அந்த ஆலையில் இருமல் சத்தம் மட்டுமே கேட்டது. நான்காம் நாள் காவலர்களோடு லாரிகள் வந்தன.

லாரியில் ஏறுமுன் உஸ்தீன்யா திரும்பிப் பார்த்தாள்.

“நீதானே எழுதற பொண்ணு? எழுது. என் பேரை மட்டும் மாத்திடாதே.”

அந்த வாரச் சுவர்ப் பத்திரிகையில் கபித்தோலினா, ஆலை நூலகத்துக்குப் புதிய அலமாரி வந்த செய்தியை எழுதினார். முத்துமுத்தான கையெழுத்தில்.

உஸ்தீன்யா திரும்பவில்லை. முப்பத்துநாலு வருடம் கழித்து, கபித்தோலினாவுக்கு ஏழு நாவல்களும் இரண்டு பதக்கங்களும் கைவந்த பிறகு, எட்டாவது நாவலின் ஏழாம் அத்தியாயமாக அந்த மூன்று நாட்களை எழுதினார். பதினொரு பக்கம். பெயரை மாற்றவில்லை.

4

தட்டச்சு செய்தவர் பக்கத்து அறை அக்லாயா. ஐந்து குடும்பங்களுக்குப் பொதுவான சமையலறையில், முட்டைக்கோஸ் சூப் கொதிக்கிற சத்தத்தில்தான் பேச முடியும். ஒட்டுக்கேட்பவருக்கும் சூப்தான் கேட்கும்.

“நாயா? நெசவாலைக் கதையில நாய்க்கு என்னடி வேலை?”

“குரைக்கிற வேலை. கட்சிச் செயலாளர் வாயைத் திறந்தாப் போதும், குரைக்கும்.”

“கிறுக்கி! முதல் வாசிப்புலயே வெட்டிருவாங்க.”

“வெட்டத்தானே வைக்கிறேன். நான் அழுவேன், கெஞ்சுவேன், ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுப்பேன். கடைசியில ‘சரி, நாயை எடுத்துக்குங்க’ன்னு ஒரு பெருமூச்சு. நாயை வெட்டின திருப்தியில ஏழாவதை விட்ருவாங்க.”*

“உன் அழுகைய யாருடி நம்புவா? உன் புருஷன் சாவுக்கே நீ அழல.”

“அவரை யாரும் வெட்டச் சொல்லலையே.”

(* இந்தத் தந்திரம் ஊரில் எல்லா எழுத்தாளர்களுக்கும் தெரியும். எல்லாப் பதிப்பாசிரியர்களுக்கும் தெரியும். தெரியாததுபோல் இருப்பதுதான் இருதரப்பு நாகரிகம்.)

நாய்க்கு வாலெனக் என்று பெயர் வைத்தார். எங்கள் கம்பளிப் பனிக்காலணிக்கு அதுதான் பெயர். நாயும் அந்த வடிவில்தான் இருந்தது.

5

பதிப்பாசிரியர் ரொதியோன் யெவ்கிராஃபொவிச்சை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலில் வில்லன்: மெல்லிய உதடு, குளிர்ந்த கண். பொய். குண்டான, நல்ல மனிதர். பிறகு கோமாளி. அதுவும் பொய், வாக்கியத்தின் அருமை தெரிந்தவர். மூன்றாவது தடவை, தெருநாய்களுக்கென்று சட்டைப்பையில் எலும்பு வைத்திருக்கும் ஆளாக எழுதினேன். அதுதான் உண்மை. கபித்தோலினாவின் கணக்கு தப்பியதும் அங்கேதான்.

“உட்காருங்க, கபித்தோலினா சாவிச்னா. நாயைப் பத்திப் பேசணும்.”

அவர் கைக்குட்டையை எடுத்துத் தயாரானார்.

“நாய் இருக்கட்டும்.”

கைக்குட்டை பாதி வழியில் நின்றது. “என்னது?”

“என்னா நாய் அது! நேத்து வீட்டுல படிச்சுக் காட்டினேன். நானும் என் சம்சாரமும் சிரிச்சுச் சிரிச்சு அழுதுட்டோம். இன்னும் நாலு இடத்துல வரட்டும். செயலாளரைப் பாத்து வேண்டாம், கொசுவைப் பாத்துக் குரைக்கட்டும்.”

“அது வேண்டாத நாய், ரொதியோன் யெவ்கிராஃபொவிச். கதையோட ஒட்டல. வெட்டிருங்க.”

“நான் இருக்கிற வரைக்கும் அந்த நாய் மேல யாரும் கை வைக்க முடியாது!” இப்படியொரு வீரத்தை அவர் அலுவலகத்தில் அதற்குமுன் யாரும் கண்டதில்லை. பிறகு குரல் தாழ்ந்தது. “ஏழாவதை எடுத்துருவோம்.”

“அது நடந்தது.”

“நடக்கல. எந்தக் காகிதத்துலயும் இல்ல. நடக்காத வேலைநிறுத்தத்துல யாரும் காணாமப் போக முடியாதும்மா. எனக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கு. புரிஞ்சுக்குங்க.”

(என் வரைவில் கபித்தோலினா மைக்கூட்டைத் தூக்கி எறிந்தார். நன்றாகத்தான் இருந்தது. அடித்துவிட்டேன். அவர் எறியவில்லை. ஏழாவதை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.)

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

“அத்தியாய எண்களைத் தொடாதீங்க. ஆறுக்கு அப்புறம் எட்டு.”

“அச்சுப்பிழைன்னு நினைப்பாங்க.”

“நினைக்கட்டும்.”

6

வாழ்வும் பணியும் தொடர்கிறது. நாவல் பதினான்கு பதிப்பு கண்டது. வாலெனக் பிஸ்கட் பெட்டியில் ஏறியது. குழந்தைகள் நாய்க்குக் கடிதம் எழுதினார்கள். விமர்சகர்கள் ‘மக்கள் மனத்தின் குரைப்பொலி’ என்றார்கள். (இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.) கபித்தோலினா சாவிச்னா நாட்டின் செல்ல எழுத்தாளரானார். எப்போதாவது ஒரு வாசகர் எழுதுவார்: ‘என் பிரதியில் ஏழாம் அத்தியாயம் விடுபட்டிருக்கிறது.’ ஒவ்வொருவருக்கும் அவர் ஒரே பதில் எழுதினார்: ‘எல்லாப் பிரதியிலும்தான்.’

7

அறுபதாம் பிறந்தநாள் விழா. எழுத்தாளர் மாளிகையில் நானூறு நாற்காலி. மேடையில் அவருடைய படம், அவரைவிடப் பெரிதாக. எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு நிறுவனமும் சிவப்புத் தோலட்டைக் கோப்பில் வாழ்த்துரை வைத்து, வாசித்து, கன்னத்தில் மூன்று முத்தம் வைத்துத் தந்தது. பதினாறு கோப்புகள். பதினாறிலும் நாய்.

விழாக்குழுத் தலைவர் ரொதியோன்தான். கபித்தோலினா வாசிக்க வேண்டிய நன்றியுரையையும் அவரே எழுதி, அவரே அங்கீகரித்திருந்தார்.

கபித்தோலினா சாவிச்னா கோப்புக் குவியலுக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவி விரித்தார். உள்ளே அக்லாயா புதிதாகத் தட்டச்சு செய்த பதினொரு பக்கம்.

“ஏழாம் அத்தியாயம்,” என்றார். “உஸ்தீன்யா கொப்திலோவா தன் தறியை நிறுத்தினாள்.”

முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். நாய் வரும் என்று காத்திருந்தவர்கள். மூன்றாவது வாக்கியத்தில் கைகள் நின்றன. ஐந்தாவதில் ஒலிபெருக்கி செத்தது.

அவர் சிரித்தார். இருநூறு தறிகளின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய குரலை ஒரு மின்கம்பியைப் பிடுங்கி நிறுத்தலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது.

அவரை மேடையிலிருந்து இழுக்க முடியாது; வெளிநாட்டு விருந்தினர் இருவர் இருந்தார்கள். ரொதியோன் எழுந்து பக்கக் கதவுகளுக்குப் போய் இரண்டையும் தன் கையாலேயே திறந்துவிட்டார். விருந்துக்கூடம். புகையூட்டிய ஸ்டர்ஜன் மீன். கடைகளில் இரண்டு குளிர்காலமாகக் கண்ணில் படாத ஆரஞ்சு.

“மீன் தீந்துரும்யா, எந்திரிங்க,” என்றார் என் பக்கத்து நாற்காலிக்காரர்.

8

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன். ஒன்றில் கூடமே காலியாகிறது. ஒன்றில் யாருமே அசையவில்லை. மூன்றாவது உண்மையில் நடந்தது; அதில் நான் என்ன செய்தேன் என்பதும் இருக்கிறது. மூன்றையும் தரமாட்டேன். மலர்க்காரர்கள் முடிவைத்தான் முதலில் கேட்டார்கள்.

என் நாற்காலியை மட்டும் உங்களுக்குத் தருகிறேன். பன்னிரண்டாம் வரிசை, நடைவழி ஓரம். மீன் வாசனை இங்கேவரை வருகிறது. யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள ஒருவர் சுவரோரம் நிற்கிறார். மேடையில் இரண்டாம் பக்கம் ஓடுகிறது. இன்னும் ஒன்பது இருக்கிறது. படிக்கிறவர் உங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. விரலை நனைத்துப் பக்கத்தைத் திருப்புகிறார்.